சதிப்புரட்சி: இதில் புரட்சி எங்கே?

எந்த நாட்டிலாவது படை ஆட்சியைப் பிடித்தால் மறுநாள் நம் பத்திரிகைகளில் வரும் சொல் சதிப்புரட்சி. தமிழ்நாட்டில் இராணுவப் புரட்சி என்றும் எழுதுவார்கள். இலங்கையின் வன்னியில் இதை வாசிப்பவருக்குக் கொஞ்சம் இடிக்கும். இங்கே பேச்சில் இராணுவம் என்றால் ஆமி. முல்லைத்தீவின் கேப்பாப்புலவில் சனம், ஆமி பிடித்து வைத்திருந்த தங்கள் காணியைக் கேட்டு 2017இல் மாதக்கணக்காக முகாம் வாசலில் குந்தியிருந்தது அந்த ஆமிக்கு முன்னால்தான். புரட்சியோ எதிர்ப்பக்கத்துச் சொல். ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணி என்று இயக்கப் பெயரிலேயே அது இருந்தது. மியன்மாரில் படை ஆட்சியைப் பிடித்த செய்தியைக் கேட்ட கிளிநொச்சி முதியவர் ஒருவர், "ஆமி செய்தால் அது என்னண்டு தம்பி புரட்சி?" என்றார். நியாயமான கேள்வி.

புரள் என்ற வினையோடு 'சி' விகுதி சேர்ந்தது புரட்சி. வறள் வறட்சி ஆவது போல, திரள் திரட்சி ஆவது போல. கீழே கிடந்தது மேலே வரவேண்டும். ஏற்கெனவே மேலே இருக்கிற தளபதி இன்னும் ஒரு படி ஏறி உட்கார்ந்தால் என்ன புரண்டது?

மூலச் சொல் பிரெஞ்சு: கூ தெத்தா. கூ என்றால் அடி. கிரேக்கத்தில் கையால் அறைவதைக் குறித்த சொல் லத்தீன் வழியாக வந்து அப்படித் தேய்ந்தது. மற்றப் பாதி, 'அரசின்'. 17ஆம் நூற்றாண்டில் இது அரசனே சட்டத்தை மீறி எடுக்கும் அதிரடி நடவடிக்கையைக் குறித்தது. 1851 டிசம்பர் 2இல் லூயி நெப்போலியன் பிரான்சின் ஜனாதிபதியாக இருந்துகொண்டே நாடாளுமன்றத்தைக் கலைத்தது அந்தப் பழைய பொருளுக்குச் சரியான உதாரணம். ஆட்சியாளருக்கு விழும் அடி என்ற பொருள் பிறகுதான் ஓங்கியது.

அரபியில் இன்னொரு வேடிக்கை. இன்கிலாப் என்பதும் புரள்வதிலிருந்து வந்த சொல்தான். டெல்லி ஊர்வலத்தில் அது புரட்சி, கெய்ரோவில் படையின் ஆட்சிக்கவிழ்ப்பு. அங்கே புரட்சிக்குத் தவ்ரா என்று தனிச்சொல் உண்டு. 2011இல் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் படை சனத்தின்மேல் பாயாமல் நின்றது, "மக்களும் படையும் ஒரே கை" என்று கூட்டம் கத்தியது, பெப்ரவரி 11இல் ஜனாதிபதி முபாரக் பதவியைவிட்டுப் போனார். ஆட்சி போய்ச் சேர்ந்தது படைத்தளபதிகளின் சபையிடம். 2013 ஜூலை 3இல் மறுபடி பெருங்கூட்டம் தெருவில் நிற்க, படைத்தளபதி அல்சிசி தேர்தலில் வென்ற ஜனாதிபதி மோர்சியை இறக்கினார். அதை தவ்ரா என்றவர்களும் இன்கிலாப் என்றவர்களும் வீட்டுக்குள்ளேயே சண்டை பிடித்தார்கள். படை கவிழ்த்த அரசுக்கு உதவிப்பணம் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்கச் சட்டம் இருப்பதால் ஒபாமா நிர்வாகம் எந்தப் பெயரும் சொல்லாமல் நழுவியது. ஓகஸ்ட் 14இல் கெய்ரோவின் ரபா சதுக்கத்தில் கூடியிருந்த மோர்சி ஆதரவாளர்களில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள்.

படை சர்வாதிகாரியைக் கைவிடுவது வேறு சங்கதி. பிலிப்பைன்சில் 1986 பெப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சர் என்ரிலேயும் படைத் துணைத்தளபதி ராமோசும் சர்வாதிகாரி மார்கோசைக் கைவிட்டார்கள், சனம் டாங்கிகளை மறித்தது, நாலாம் நாள் அவர் நாட்டைவிட்டே போனார். இதற்குப் படைவிலகல் என்ற சொல் போதும். கொழும்பில் 2022இல் நடந்தது இரண்டிலும் சேராது. ஜூலை 13இல் கோட்டாபயவை மாலைதீவுக்கு ஏற்றிச் சென்றது விமானப்படை. 22ஆம் திகதி அதிகாலை காலிமுகத்திடலில் போராட்டக்காரர்களை அடித்துக் கலைத்ததும் படைதான்.

சரி, கூ தெத்தாவுக்குத் தமிழ் என்ன? ஆட்சிக்கவிழ்ப்பு பரவாயில்லை. ஆனால் நம்பிக்கையில்லாப் பிரேரணையாலும் ஆட்சி கவிழும். எனக்குப் பிடித்தது ஆட்சிப்பறிப்பு. காணி பறிப்பு என்று இங்கே ஏற்கெனவே சொல்கிறோம், விளக்கவே வேண்டாம். இலங்கையில் 1962 ஜனவரியில் அதிகாரிகள் சிலர் இரகசியமாகத் திட்டமிட்டுத் தோற்றதை ஆட்சிப்பறிப்புச் சதி எனலாம். சதி அங்கே பொருந்தும். தலைப்பில் இடம் காணாது என்று பத்திரிகைக்காரர் சொல்ல முடியாது. சதிப்புரட்சியைவிட ஓர் எழுத்துத்தான் கூட.