வேர்த்துக் கொட்டினால் கழிவு போகிறது என்று அர்த்தமில்லை

போன மாதம் ஒரு விடிகாலை, நாலரை மணி இருக்கும். ஐம்பத்தாறு வயதுக்காரர் ஒருவரை ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும், அப்படி நனைந்திருந்தது. கூப்பிட்டால் முனகல் மட்டும்தான். விரலைக் குத்திப் பார்த்தால் ரத்தத்தில் சர்க்கரை வெறும் 38. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிய சில நிமிடங்களில் கண் விழித்தார். அவர் விழித்த பிறகுதான் மனைவிக்கு அழுகையே வந்தது.

“ராத்திரி பதினோரு மணிக்கே வேர்த்துக் கொட்டுச்சு டாக்டர். கையெல்லாம் நடுங்குச்சு. கழிவு வெளிய போறப்ப அப்படித்தான் இருக்கும்னு குரூப்ல போட்டிருந்தாங்க. அதான், தூங்கட்டும்னு விட்டுட்டேன்.”

மூன்று நாள் ஜூஸ் விரதமாம். முதல் நாள் ஆப்பிள், பீட்ரூட், கேரட் சேர்த்த ஏபிசி ஜூஸ், இரண்டாம் நாள் கீரை ஜூஸ், மூன்றாம் நாள் முழுக்க வெண்பூசணிச் சாறு. இட்லி கிடையாது, சோறு கிடையாது. சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் காலையும் இரவும் நேரம் தவறாமல் போட்டிருக்கிறார். “மாத்திரையை நிறுத்தவே கூடாதுன்னு நீங்கதானே டாக்டர் சொன்னீங்க” என்று என்னையே மடக்கினார். சொன்னேன்தான். சாப்பாட்டை நிறுத்தச் சொல்லவில்லையே! பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போகிறேன் என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். இந்த வகை மாத்திரையால் சர்க்கரை இறங்கினால், ஏற்றிவிட்ட பிறகும் மறுபடி இறங்கும். ஒரு நாள் முழுக்கப் படுக்க வைத்துத்தான் அனுப்பினேன்.

இந்தக் கோடையில் ஜூஸ் விரதத்தால் என்னிடம் வந்த நான்காவது ஆள் இவர். நான்கு பேர் வாயிலும் அதே வார்த்தை: கழிவு.

எந்தக் கழிவு? நான் கேட்டால் யாருக்கும் பெயர் தெரியவில்லை. உடம்பில் நிஜமாகவே உண்டாகும் கழிவுகளுக்குப் பெயர் உண்டு. யூரியா, கிரியாட்டினின், பிலிருபின், அம்மோனியா. நான்கையும் ரத்தத்தில் அளந்து பார்க்கலாம். விரதத்துக்கு முன்பும் பின்பும் அளந்து, இதோ இவ்வளவு குறைந்தது என்று ஜூஸ் பாட்டில் விற்றவர் யாராவது காட்டியிருக்கிறாரா? உங்கள் இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகின்றன. நீங்கள் தூங்கும்போதும் வடிகட்டுகின்றன, பிரியாணி சாப்பிட்ட அன்றும் வடிகட்டுகின்றன. அவை ஓய்ந்துபோனால் டயாலிசிஸ்தான் வேண்டும். பீட்ரூட்டால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

கழிவு என்று ஒன்றைச் சொல்லிவிட்டால், வருகிற தொந்தரவெல்லாம் வெற்றிச் சான்றிதழ் ஆகிவிடுகிறது. அதுதான் என் ஆத்திரம். இரண்டாம் நாள் மண்டையைப் பிளக்கிறதா? தினம் மூன்று டம்ளர் ஃபில்டர் காபி குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வரும் தலைவலி அது. ஒரு டம்ளர் குடித்துப் பாருங்கள், தெரியும். சிறுநீர் சிவப்பாகப் போகிறதா? பீட்ரூட்டின் சாயம். வயிறு நாலு தடவை போகிறதா? பழச் சர்க்கரை ஒரேயடியாக உள்ளே போனால் குடல் அதைத் தாங்காது. இரண்டு கிலோ குறைந்ததா? கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்த சர்க்கரையான கிளைக்கோஜன் தீரும்போது, கூடவே அதைப் போல மூன்று மடங்கு தண்ணீரும் போகிறது. மறுபடி சோறு சாப்பிட ஆரம்பித்ததும் எடை திரும்பி வந்துவிடும். அப்புறம் அந்த வேர்வையும் நடுக்கமும்? ரத்தத்தில் சர்க்கரை இறங்கியதன் அறிகுறி. அதைக் கழிவு என்று எழுதிய புண்ணியவான் யாரென்று தெரிந்தால் தேவலை.

இயற்கைதானே, என்ன செய்துவிடும் என்கிறார்கள். சுரைக்காயும் இயற்கைதான். 2010இல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து இறந்துபோனார். அந்தக் கசப்புக்குக் காரணம் குக்கர்பிட்டாசின் என்கிற நச்சு, அதற்கு மாற்று மருந்து இல்லை. சுரைக்காயைச் சாறெடுக்கும் முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக்காயையும் தூக்கி எறியுங்கள். எலுமிச்சையும் புதினாவும் போட்டு அடித்துவிட்டால் கசப்பு தெரியாது, அதுதான் ஆபத்து. குடித்த பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் வீட்டில் உட்கார்ந்து மோர் குடிக்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

கேரளத்தில் இரும்பன்புளி என்கிற பிலிம்பிக் காயின் சாற்றைக் கொலஸ்ட்ரால் குறையும் என்று நம்பிக் குடித்த 10 பேருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததை 2013இல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காரணம், அந்தக் காயில் உள்ள ஆக்சலேட் என்கிற உப்பு. பாலக்கீரையிலும் பீட்ரூட்டிலும் அது நிறைய உண்டு. கூட்டாக வைத்துச் சாப்பிட்டால் ஒரு கைப்பிடிதான் போகும். பச்சையாக அரைத்தால் ஒரு கட்டே ஒரு டம்ளருக்குள் அடங்கிவிடும். சாத்துக்குடியும் அப்படித்தான். மூன்று பழத்தை உரித்துத் தின்ன யாருக்குப் பொறுமை இருக்கிறது? பிழிந்து வடிகட்டினால் நார் குப்பைக்கு, சர்க்கரை நமக்கு. உலக சுகாதார நிறுவனம் பழச்சாற்றின் சர்க்கரையை, காபியில் போடும் சர்க்கரையோடு ஒரே கணக்கில்தான் வைத்திருக்கிறது.

சரி, ஆசைப்பட்டாயிற்று, முதல் தடவை ஒரு நாள் இருந்துதான் பார்க்கப்போகிறீர்கள். நோய் நொடி இல்லாத இளவயதுக்காரர் என்றால் ஒரு நாளில் ஒன்றும் ஆகிவிடாது, பசிக்கும், அவ்வளவுதான். வடிகட்டாமல் குடியுங்கள். மதியம் ஒரு கிண்ணம் தயிரோ சுண்டலோ சேர்த்துக்கொள்ளுங்கள். விரதம் கலைந்துவிடும் என்பார்கள், கலையட்டும். அன்றைக்கு ஜிம் வேண்டாம், நெடுந்தூரம் வண்டி ஓட்ட வேண்டாம். தலை சுற்றினால் அந்த நிமிடமே சாப்பிட்டுவிடுங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சிறுநீரகம் பழுதாகிக் கிரியாட்டினின் கூடியவர்கள், கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுபவர்கள், இந்தப் பக்கமே வராதீர்கள். பிபிக்கு டெல்மிசார்டன் எடுக்கிறவர்களுக்குச் சிறுநீரகமும் கொஞ்சம் பழுது என்றால், நாள் முழுக்க இளநீரும் பழச்சாறும் குடிப்பதில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சர்க்கரைக்காரர் வேர்த்து நடுங்கினால் குளுக்கோமீட்டரை எடுங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மீட்டர் இல்லையென்றால் யோசிக்காமல் சர்க்கரையைக் கொடுங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் ஒரு சொட்டும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள். தயவுசெய்து தூங்க விடாதீர்கள்.

அவர் பத்து நாள் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, எழுந்திருக்கும்போது தயங்கினார். “மீதி நாலு பாட்டில் ஃப்ரிட்ஜ்ல இருக்கு டாக்டர், ஒண்ணு முந்நூறு ரூபாய்...”

நான் வாயைத் திறக்கும் முன்னே மனைவி சொன்னார்: “இல்லை. நேத்தே கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்திட்டேன்.”