தீயணைப்பு பைக்: மலை ஊருக்கு அது என்ன செய்யும், அதைக் கேட்டு வாங்குவது எப்படி?

குன்னூர் பக்கம் எங்கள் வரிசை வீடுகளுக்கு ரோட்டிலிருந்து 62 படி இறங்க வேண்டும். கேஸ் சிலிண்டரும் அரிசி மூட்டையும் தோளில்தான் வரும். சில வருஷங்களுக்கு முன்பு, ஒரு பிப்ரவரி மதியம், கீழ் வரிசையில் ஒரு வீட்டின் விறகடுப்பிலிருந்து தீ பிடித்தது. தகவல் சொன்னதும் தீயணைப்பு வண்டி கிளம்பிவிட்டது. ஆனால் வழியில் ஒரு வளைவில் இரண்டு பக்கமும் கார்களை நிறுத்தியிருந்தார்கள். பெரிய வண்டியால் அதற்கு மேல் ஏற முடியவில்லை. வீரர்கள் ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் கூரை இறங்கிவிட்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் அந்த வீட்டு அக்கா ஈரக் கரியைக் குச்சியால் கிளறி ரேஷன் கார்டைத் தேடிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து, எங்களைப் போன்ற ஊர்களுக்கு முதலில் வந்து சேர்கிற ஒரு சின்ன வண்டி வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

அந்தச் சின்ன வண்டிதான் தீயணைப்பு பைக். புதிய யோசனை இல்லை. 1995-இல் ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் தாக்கியபோது, இடிபாடுகளால் அடைபட்ட தெருக்களில் பெரிய வண்டிகள் திணறின. 1997-இல் டோக்கியோ தீயணைப்புத் துறை பைக்குகளை இறக்கியது. அங்கே அவை ஜோடியாகப் போகும். பக்கத்துக் கேரளத்திலும் தீயணைப்புத் துறை புல்லட் வண்டிகளில் நீர்த்தூவல் கருவியைப் பொருத்தி வைத்திருக்கிறது. நம் மாநிலத்திலேயே 108 சேவையில் இருசக்கர ஆம்புலன்ஸ் 2016-இல் வந்துவிட்டது. நெரிசலில் பெரிய வண்டிக்கு முன்னால் ஒருவர் முதலுதவியோடு போய்ச் சேரட்டும் என்பதுதான் அதன் நோக்கம். தீக்கும் அதே கணக்குதான்.

இவ்வளவு குறைந்த தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பைக்கில் பெரும்பாலும் பத்துப் பத்து லிட்டராக இரண்டு தொட்டிகள்தான் இருக்கும். நாம் வாளியால் ஊற்றும்போது பாதிக்கு மேல் தரையில் ஓடி வீணாகிவிடுகிறது. இந்தக் கருவி அழுத்திய காற்றைக் கொண்டு தண்ணீரை ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய துளிகளாக உடைத்து அடிக்கிறது. நம் மலைப் பனிமூட்டம் மாதிரி ஒரு மேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னத் துளி சட்டென்று ஆவியாகும், ஆவியாகும்போது தீயின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 லிட்டர் நீராவி. அது தீயைச் சுற்றியிருக்கும் காற்றை விலக்கித் தள்ளும். தண்ணீரோடு நுரைக் கரைசலையும் கலந்து அடிக்கிற வகைகள் உண்டு. பெட்ரோல், டீசல் தீக்கு நுரைதான் சரி.

ஆனால் பைக் வந்துவிட்டால் பெரிய வண்டி தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சமையலறையில் பிடித்த தீ, ஒரு பெட்டிக்கடை, ஒரு கார், அடுக்கி வைத்த விறகு, இவற்றை ஆரம்பத்திலேயே அமுக்கத்தான் பைக். தீ இரண்டாவது வீட்டுக்குத் தாவிவிட்டால் இருபது லிட்டர் எந்த மூலைக்கு? அப்போது பைக்கில் வந்தவர் செய்கிற பெரிய உதவி வேறு. ஆட்களை வெளியேற்றுவார், சிலிண்டரை அப்புறப்படுத்துவார், மின்சாரத்தை நிறுத்தச் சொல்வார், பின்னால் வருகிற வண்டிக்கு எந்த வழி திறந்திருக்கிறது என்று தகவல் கொடுப்பார்.

காட்டுத்தீ விஷயத்தில் இதைவிட அடக்கமாகத்தான் எதிர்பார்க்க வேண்டும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் புல் கருகிக் காய்ந்துவிடுகிறது. பிப்ரவரி, மார்ச் காற்றில் கற்பூர மரச் (யூகலிப்டஸ்) சருகும் சீகைப் புதரும் பற்றிக்கொண்டால் கட்டுப்படுத்துவது பெரும்பாடு. 2024 மார்ச்சில் குன்னூர் காட்டில் தீ பரவியபோது விமானப்படை ஹெலிகாப்டர் வந்து, ரேலியா அணையில் தண்ணீர் மொண்டு மேலிருந்து கொட்டியது. அந்த அளவுத் தீயிடம் பைக்குக்கு வேலையே இல்லை. தேயிலைத் தோட்டச் சாலையிலும் மண் பாதையிலும் ஆளையும் கருவியையும் சீக்கிரம் கொண்டு சேர்ப்பது, தீ எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துச் சொல்வது, இந்த இரண்டுக்கும் உதவும்.

சொந்த பைக்கில் உதவப் போகும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. சைரனும் பலகுரல் ஹாரனும் அவசர ஊர்திகளுக்கு மட்டுமே அனுமதி. நல்ல எண்ணத்தில் மாட்டினாலும் விதிமீறல்தான். காப்புக்காட்டுக்குள் வனத்துறை கூப்பிடாமல் நுழையக் கூடாது. அப்புறம், ஓடி வந்த பைக்கைக் காய்ந்த புல்மேல் நிறுத்தாதீர்கள். சைலன்ஸர் சூட்டில் புல் பற்றிக்கொள்ளும்.

இனி, வழிவிடும் விதி. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் 194இ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. தீயணைப்பு வாகனமோ ஆம்புலன்ஸோ வரும்போது ஓரம் ஒதுங்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். சட்டம் 'தீயணைப்பு வாகனம்' என்றுதான் சொல்கிறது, இத்தனை சக்கரம் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே துறையின் பைக் சைரனோடு வந்தாலும் பெரிய தீயணைப்பு வண்டிக்கு ஒதுங்குவது போலவே ஒதுங்க வேண்டும். சீசனில் இது முக்கியம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்றம் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸைக் கட்டாயமாக்கியதே வண்டிகளின் கூட்டத்தால்தான். மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் வரிசை நின்றுவிட்டால், பெரிய வண்டி ஒதுங்கவும் இடமில்லை, திரும்பவும் இடமில்லை.

பணம் எங்கிருந்து வரும்? தீயணைப்பு தமிழ்நாட்டில் மாநிலத் துறை. வாகனம் வாங்குவது மாநில அரசின் கையில் இருக்கிறது, ஊராட்சியின் கையில் இல்லை. மாநிலங்களின் தீயணைப்புப் பணிகளை விரிவாக்கி நவீனப்படுத்த, 15-ஆவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி ஒன்றிய அரசு 2023-இல் 5,000 கோடி ரூபாயில் ஒரு திட்டம் அறிவித்தது. பெரும்பாலான மாநிலங்கள் அதில் 25 சதவீதப் பங்கைத் தாங்களே போட வேண்டும். அந்த நிதிக்குழுவின் காலம் 2025-26 நிதியாண்டோடு முடிவது. வனத்துறைக்குத் தனியாகக் காட்டுத்தீத் தடுப்பு மற்றும் மேலாண்மைத் திட்டம் உண்டு. அதில் ஒன்றிய அரசு 60, மாநிலம் 40. இந்தப் பெயர்களை மனுவில் குறிப்பிட்டால், எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று அதிகாரிக்கும் தெளிவாக இருக்கும்.

முதலில் உங்கள் பகுதித் தீயணைப்பு நிலையத்துக்குப் போய், என்னென்ன வண்டிகள் இருக்கின்றன, உங்கள் ஊருக்கு எந்த வழியாக வருவார்கள் என்று கேளுங்கள். எழுத்தில் வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். பிறகு கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கூட்டம். தீர்மான நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். 1100 எண்ணில் முதல்வரின் உதவி மையத்திலும் பதியலாம்.

மனுவில் 'பைக் வேண்டும்' என்று மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். வண்டியோடு சேர்த்துப் பொருத்திய தொட்டி நம் படிக்கட்டுக்குப் பயன்படாது. கழற்றி முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கக் கூடிய வகையைக் கேளுங்கள். நாங்கள் டேப் எடுத்துப் போய், நிலையத்திலிருந்து எங்கள் வரிசை வரை எந்தெந்த இடத்தில் ரோடு எத்தனை அடி என்று அளந்தோம். கார்கள் நிற்கிற அந்த வளைவில் ஞாயிற்றுக்கிழமை மிஞ்சுவது ஆறரை அடி. அதையும், 62 படியையும், கீழே உள்ள வீடுகளின் எண்ணிக்கையையும் ஒரு தாளில் படமாக வரைந்து மனுவோடு இணைத்திருக்கிறோம். பைக் வரும் வரைக்கும், 101-ஐயோ 112-ஐயோ கூப்பிடுகிறவர் வீட்டு எண்ணைச் சொல்வதற்கு முன் படிக்கட்டின் உச்சியில் இருக்கிற டீக்கடையின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று எங்கள் வரிசையில் பேசி வைத்திருக்கிறோம்.