மோட்டார்ஹோம் பின்னால் டேண்டம் சைக்கிள்: ரேக் தாங்கும், ஆக்ஸில் தாங்குமா?

ஈஸ்டர் விடுமுறை நெருங்கிவிட்டால் இங்கிலாந்தில் எங்களைப் போன்ற மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) பட்டறைகளுக்கு ஒரே கேள்விதான்: "பின்னால் சைக்கிள் ரேக் போட வேண்டும், எவ்வளவு ஆகும்?" சாதாரண சைக்கிள் இரண்டு என்றால் உடனே விலை சொல்லிவிடலாம். ஆனால் டேண்டம், அதாவது இருவர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கும் நீளமான சைக்கிள் என்றால், டேப்பை எடுத்துக்கொண்டு முதலில் வண்டிக்குப் பின்னால் போவேன். இப்போது பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் நீள வால் மின்சார சைக்கிள்களும் நிறைய வருகின்றன. சிக்கல் இரண்டுக்கும் ஒன்றேதான்.

"அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பார்வையற்றவர்கள் பலருக்கு சைக்கிள் என்றால் டேண்டத்தின் பின்னிருக்கைதான். முன்னால் பார்வையுள்ள ஒருவர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து மிதிக்கிறார்கள். அவர்களுடைய விடுமுறையே அந்த சைக்கிளை நம்பித்தான் இருக்கிறது. அதனால் எப்படிக் கொண்டுபோவது என்றுதான் பார்க்க வேண்டும்.

எல்லோரும் முதலில் கேட்பது, "இந்த ரேக் எத்தனை கிலோ தாங்கும்?" பின்சுவரில் பொருத்தும் ரேக்குகள் பலவும் 50, 60 கிலோ தாங்கும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். டேண்டம் 18 அல்லது 20 கிலோதானே, போதாதா என்று தோன்றும். ஆனால் அந்த 60 கிலோ என்பது எல்லா ரயில்களிலும், அதாவது சைக்கிள் சக்கரங்களை வைக்கும் நீளத் தண்டவாளங்களிலும், பரவி நிற்கும் மொத்தச் சுமை. ஒரு ரயிலுக்கு இவ்வளவுதான் என்று தனி வரம்பு இருக்கிறதா என்பதைக் கையேட்டில் பாருங்கள். கனமான சைக்கிளைச் சுவரை ஒட்டிய ரயிலில்தான் வைக்க வேண்டும். வெளி ரயிலுக்குப் போகப் போக மேல் போல்ட்டுகளைச் சுவரிலிருந்து பிடுங்கும் இழுப்பு கூடும்.

ரேக்கைவிட எனக்குக் கவலை ஆக்ஸில், அதாவது இரு பக்கச் சக்கரங்களையும் தாங்கும் அச்சுதான். ஃபியட் டுகாட்டோ வேனின் அடிச்சட்டத்தில் கட்டிய வண்டி என்று வைத்துக்கொள்வோம். நீள வகையில் இரண்டு ஆக்ஸில்களுக்கும் இடையே 4.035 மீட்டர். ரேக் பின் ஆக்ஸிலுக்கு அப்பால் சுமார் 2.5 மீட்டர் தள்ளித் தொங்குகிறது. மின்சார டேண்டமும் ரேக்கும் சேர்த்து 50 கிலோ என்றால், பின் ஆக்ஸிலில் கூடுவது 50 அல்ல, 81 கிலோ. மீதி 31 கிலோ எங்கிருந்து வந்தது? முன் ஆக்ஸிலிலிருந்து. சீசா பலகை போல முன்பக்கம் அந்த அளவுக்கு இலேசாகிவிடுகிறது. டுகாட்டோ முன்சக்கரங்களால் இழுக்கப்படும் வண்டி. ஈரப் புல்வெளி முகாமில் சக்கரம் சும்மா சுழன்று சேற்றைக் குழப்புவதற்கும், மழையில் ஸ்டீயரிங் பிடிமானம் குறைவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

இங்கே பெரும்பாலான மோட்டார்ஹோம்களின் மொத்த எடை வரம்பு 3500 கிலோ. 1997 ஜனவரி 1-க்குப் பிறகு கார் தேர்வில் தேறியவர்களின் சாதாரண உரிமம் பொதுவாக அதுவரைதான் செல்லும் என்பதால் அப்படியே கட்டி விற்கிறார்கள். தண்ணீர்த் தொட்டி, எரிவாயு சிலிண்டர், வெய்யில்மறைப்பு, குடும்பம், சாப்பாடு எல்லாம் ஏறியபின் மிச்சம் கொஞ்சம்தான். அதிலும் மொத்த எடை வரம்புக்குள் இருக்கும்போதே பின் ஆக்ஸில் மட்டும் வரம்பு தாண்டியிருக்கலாம். அதுவும் குற்றம்தான், டயருக்கும் ஆபத்து. வண்டியின் எடைத் தகட்டைப் பாருங்கள். '1' என்ற எண்ணுக்கு எதிரே முன் ஆக்ஸில் வரம்பும், '2' என்பதற்கு எதிரே பின் ஆக்ஸில் வரம்பும் இருக்கும். அப்புறம் பயணத்துக்குப் போவது போலவே எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, ஆட்களும் உட்கார்ந்து, பக்கத்தில் உள்ள எடைமேடைக்குப் போய் ஆக்ஸில் ஆக்ஸிலாக நிறுத்துப் பாருங்கள். இதைச் செய்யாத வண்டிக்கு நான் டேண்டம் ரேக் பொருத்துவதில்லை.

அடுத்தது நீளம். சாதாரண சைக்கிளின் இரு சக்கர மையங்களுக்கும் நடுவே ஒரு மீட்டர் சொச்சம்தான். ரேக்கின் ரயில் அதற்கேற்ப 1.3 மீட்டர் அளவில் வரும். டேண்டத்தில் அந்த இடைவெளியே 1.7, 1.8 மீட்டர். ஒரு சக்கரத்தை ரயிலில் வைத்தால் இன்னொன்று அந்தரத்தில் தொங்கும். அப்படித் தொங்கவிட்டு ஸ்ட்ராப்பால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குண்டுங்குழியுமான சாலையில் அந்தச் சக்கரம் குதிக்கும் ஒவ்வொரு குதிப்பும் ரேக்கின் கைகள் வழியாகச் சுவருக்குப் போகிறது. டேண்டத்துக்கு நீளமான தனி ரயில் வேண்டும். இதில் சமரசம் வேண்டாம்.

முழு நீளம் சுமார் 2.5 மீட்டர். வண்டியின் அகலமோ 2.3 மீட்டர், வேன் வகை என்றால் 2.05 தான். பிரிட்டனில் சுமை ஒரு பக்கம் 305 மில்லிமீட்டருக்கு மேல் துருத்தினாலோ மொத்த அகலம் 2.9 மீட்டரைத் தாண்டினாலோ காவல்துறைக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். "நமக்கு 10 சென்டிமீட்டர்தானே வெளியே நிற்கிறது" என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். நான் அந்த நிம்மதியைக் கெடுத்தே ஆக வேண்டும். பின்னால் நீளமாகத் தொங்கும் வண்டியை வலப்பக்கம் வளைத்தால் அதன் வால் இடப்பக்கம் வீசும். நடைபாதையில் நிற்கிறவர்களின் பக்கம் அதுதான். துருத்தும் சக்கரம் ஒரு குழந்தையின் முக உயரத்தில் இருக்கும். சைக்கிளில் போகிறவரைத் தாண்டும்போது 30 மைல் வேகம் வரை குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விடச் சொல்கிறது 2022-இல் திருத்திய நெடுஞ்சாலை விதித்தொகுப்பு. அந்த 1.5 மீட்டரை வண்டியின் உடம்பிலிருந்து அளக்காதீர்கள், வெளியே நிற்கும் சக்கரத்திலிருந்து அளந்துகொள்ளுங்கள். ஒரு பக்கமாகத் தள்ளி வைத்துக்கொள்கிறேன் என்பவர்களுக்கு: கப்பலேறி பிரான்சில் இறங்கியதும் நடைபாதை மறுபக்கம் வந்துவிடும்.

நான் சொல்லும் வழி முன்சக்கரத்தைக் கழற்றிவிடுவது. சுமார் 34 சென்டிமீட்டர் குறைந்து 2.16 மீட்டருக்கு வரும், 2.3 மீட்டர் அகல வண்டிக்குள் அடங்கிவிடும். முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையான ஃபோர்க்கை ரயிலில் பொருத்திய பிடியில் இறுக்க வேண்டும். சும்மா ஸ்ட்ராப் சுற்றினால் போதாது. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால் பேடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகிவிடுங்கள். வழியில் யாராவது பிரேக் பிடியை அழுத்திவிட்டால் பேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் சக்கரம் ஏறாது. மின்சார சைக்கிளின் பேட்டரியை எடுத்து உள்ளே வையுங்கள், பின் ஆக்ஸிலுக்கு முன்னால்.

சுவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாமல் கெட்டுப்போவது அதுதான். மோட்டார்ஹோமின் பின்சுவர் வெளியே மெல்லிய ஃபைபர்கிளாஸ் அல்லது அலுமினியத் தகடு, நடுவே நுரைப்பலகை, உள்ளே ஒட்டுப்பலகை. ரேக்கின் போல்ட் உள்ளே மரச்சட்டம் இருக்கும் இடத்தில் இறங்க வேண்டும். இல்லையென்றால் உட்பக்கம் அகலமான உலோகத் தகடு கொடுத்து இறுக்க வேண்டும். ஓய்வுபெற்ற தம்பதி ஒருவர் டேண்டத்துடன் வந்தார்கள். ரேக் வேறெங்கோ பொருத்தியது, வெளியே பார்க்க ஒரு குறையும் இல்லை. உள்ளே படுக்கைக்கு மேலிருந்த அலமாரியைக் காலிசெய்து, போல்ட்டுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினேன். நனைந்த அட்டை போல விரல் உள்ளே போனது. போல்ட்டுக்குச் சின்ன வாஷர் மட்டும்தான், தகடு இல்லை. சைக்கிளின் ஆட்டத்தில் துளை விரிந்து, மழைநீர் உள்ளே கசிந்து, ஒட்டுப்பலகை உளுத்திருந்தது. அந்தச் சுவரில் இன்னொரு பயணத்துக்கு அந்த டேண்டம் நின்றிருக்காது. பின்னால் வரும் காரின் முன்கண்ணாடியில்தான் போய் விழுந்திருக்கும்.

ஆகவே வருடம் ஒருமுறை அலமாரியைக் காலிசெய்து அந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். பழுப்புக் கறை, உப்பிய சுவர்த்தாள், ஈர வாடை இவற்றில் எது இருந்தாலும் சைக்கிளை ஏற்றாதீர்கள்.

நம்பர் பிளேட்டும் விளக்குகளும் மறையக் கூடாது. பிளேட் மறைந்தால் பிரிட்டனில் 1000 பவுண்டு வரை அபராதம் உண்டு. சைக்கிளுக்கு உறை மாட்டினால் நடுவில் உள்ள மேல் பிரேக் விளக்கு தெரிகிறதா என்று இருட்டில் பின்னால் நின்று பாருங்கள், உறை காற்றையும் பாய்மரமாகப் பிடிக்கும். இத்தாலி, ஸ்பெயின் போகிறவர்கள் 50 சென்டிமீட்டர் சதுர, சிவப்பு-வெள்ளைச் சாய்கோடு போட்ட பிரதிபலிப்புப் பலகையைப் பின்னால் மாட்டியே ஆக வேண்டும். ஜெர்மனியில் வண்டியும் சுமையும் சேர்ந்த அகலம் 2.55 மீட்டரைத் தாண்டக் கூடாது. முழு டேண்டத்தைச் சற்று ஓரமாக வைத்தாலே அங்கே விதி மீறிவிடும்.

கிளம்பிய அரைமணி நேரத்தில் ஒருமுறை நிறுத்தி ஸ்ட்ராப்புகளை இழுத்துப் பாருங்கள், புது ஸ்ட்ராப் கட்டாயம் தளர்ந்திருக்கும். ரேக்கோடு கட்டியது போக, சைக்கிளையும் வண்டியின் ஏணியையோ அடிச்சட்டத்தையோ சேர்த்து இன்னொரு ஸ்ட்ராப் தனியாகப் போடுங்கள். கப்பலுக்குப் பதிவு செய்யும்போது ரேக்கையும் சேர்த்து அளந்த நீளத்தைக் கொடுங்கள். டோவர் துறைமுகத்தில் அளந்து பார்த்தால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள், நெரிசல் நாளில் ஏற்ற இடமில்லை என்றுகூடச் சொல்லலாம்.