புழு குத்திய கத்தரிக்காய் சாட்சி சொல்லுமா?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலோ மருதனார்மடத்திலோ கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்னால் நிற்பவர்களில் சிலர் ஓட்டை விழுந்த காயாகப் பார்த்துப் பொறுக்குவார்கள். "புழுவே தின்னுது, அப்ப மருந்தடிச்சிருக்க மாட்டினம்" என்பது அவர்களுடைய கணக்கு. வீட்டில் சிறுநீரக நோயாளியோ புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுபவரோ இருந்தால் இந்தத் தேடல் இன்னும் கூடும். அந்தக் கவனம் நியாயமானது. கணக்குத்தான் பிழை.

கத்தரியின் தண்டையும் காயையும் துளைக்கிற புழு, முட்டையிலிருந்து வந்த சில மணி நேரத்திலேயே காய்க்குள் புகுந்துவிடும். புகுந்த வாசல் ஊசிமுனை அளவுதான். அதையும் தன் எச்சத்தால் அடைத்துக்கொள்ளும். நம் கண்ணில் படுகிற பெரிய ஓட்டை, அது இரண்டு கிழமையளவு உள்ளே இருந்து தின்று கொழுத்து, கூட்டுப்புழுவாக மாற வெளியே போன வழி. அது உள்ளே இருந்த நாட்களில் காயின் மேல் எத்தனை தரம் அடித்தாலும் தோலில் படியும் நஞ்சு அதை எட்டியிராது. கத்தரிக்கு அடிக்கடி மருந்தடிக்க நேர்வதும் இதனால்தான். ஆக, ஓட்டை விழுந்த காய் நாலு தரம் மருந்து கண்ட காயாகவும் இருக்கலாம்.

கண்ணாலும் மூக்காலும் நாக்காலும் பிடிபடாத அளவைப் பற்றித்தான் பேசுகிறோம். பல பீடைநாசினிகள் உணவில் எஞ்சுவதற்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் பொது எல்லை கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். நூறு கிலோ கத்தரிக்காயில் ஒரேயொரு மில்லிகிராம். இதைப் பார்த்துக் கண்டுபிடிக்க ஒருவராலும் முடியாது. "சேதன உணவு", அதாவது இரசாயனப் பசளையும் பீடைநாசினியும் இல்லாமல் விளைந்த உணவு, என்ற சொல்லே தோட்டத்தில் நடந்தவற்றைக் குறிப்பது. காயை உருட்டிப் பார்ப்பதில் அது தெரியாது, தோட்டத்தை விசாரித்தால் தெரியும்.

விசாரிக்கப் போகும்போது முதலில் பசளையையும் மருந்தையும் பிரித்துக் கேட்க வேண்டும். இலங்கையில் 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளைக்கும் பீடைநாசினிக்கும் இறக்குமதித் தடை வந்து, அதே ஆண்டு நவம்பரில் விலக்கப்பட்டதிலிருந்து "சேதனம்" என்ற சொல் எல்லோர் வாயிலும் இருக்கிறது. ஆனால் "சேதனப் பசளை போட்டது" என்றால் யூரியாவுக்குப் பதிலாக மாட்டெருவோ கூட்டெருவோ போட்டது என்பதே பொருள். அதே பாத்திக்குப் பீடைநாசினி அடிக்கப்பட்டிருக்கலாம். சொன்னவர் பொய் சொல்லவில்லை, நாம்தான் பாதிக் கேள்வியோடு திரும்பியிருக்கிறோம்.

அடுத்தது நாள். அடித்த மருந்து வெயிலாலும் நீராலும் செடியின் சொந்த நொதியங்களாலும் சிதைந்துகொண்டே போகும். ஒரு மருந்தின் அரைவாசி 3 நாளில் சிதைகிறது என்று வைத்துக்கொள்வோம். அடித்த அன்று காயில் கிலோவுக்கு 4 மில்லிகிராம் இருந்தால், 3ஆம் நாள் 2, 6ஆம் நாள் 1, 9ஆம் நாள் அரை, 12ஆம் நாள் கால். இந்தக் கணக்கை வைத்துத்தான் "அறுவடைக்கு முன் இத்தனை நாள் விடவும்" என்று போத்தலின் லேபலில் அச்சிடுகிறார்கள். இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவான மருந்துகளுக்கே இங்கே விற்பனை அனுமதி. லேபலில் உள்ள நாள் 7 ஆகவும் இருக்கும், 14 ஆகவும் இருக்கும், மருந்தைப் பொறுத்தது.

பிரச்சினை பயிரின் இயல்பிலேயே இருக்கிறது. சின்ன வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஒரே தரத்தில் கிண்டுபவை. கடைசி மருந்துக்கும் கிண்டுவதற்கும் நடுவே இரண்டு கிழமை விடுவது தோட்டக்காரருக்குப் பெரிய இழப்பல்ல. கத்தரி, பயிற்றங்காய், மிளகாய், பாகல் அப்படியல்ல. மூன்று நாலு நாளுக்கு ஒரு தரம் ஆய்ந்தாக வேண்டும், விட்டால் முற்றிப்போகும். 14 நாள் விடச் சொல்லும் மருந்தை அடித்துவிட்டு 4ஆம் நாள் ஆய்ந்தால் லேபலில் உள்ள கணக்கு அங்கேயே உடைந்துபோகிறது. நம்மூர் மரக்கறியில் எதற்கு முதலில் பயப்பட வேண்டும் என்று கேட்டால், தொடர்ந்து ஆயும் இந்தக் காய்களைத்தான் சொல்ல வேண்டும்.

எனவே கேள்வியை இப்படி வைக்கலாம்: "அண்ணை, இதுக்குக் கடைசியா எப்ப மருந்தடிச்சனீங்கள்? என்ன மருந்து?" "மருந்தடிச்சதோ" என்று மட்டும் கேட்டால் "இல்லை" என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். நாளைக் கேட்டால் உண்மையாகச் செய்கிறவர் விபரமாகப் பேசத் தொடங்குவார். தம்புள்ளையிலிருந்து லொறியில் வரும் கரட்டுக்கும் லீக்ஸுக்கும் இந்தக் கேள்வியைக் கேட்க ஆளே இல்லை. அவற்றைக் கழுவுவதில்தான் கவனத்தைச் செலவிட வேண்டும்.

கழுவினால் எல்லாம் போய்விடுமா? மன்கோசெப் போன்ற பூஞ்சணக்கொல்லிகள் இலையின், காயின் மேற்பரப்பில் தூளாகப் படிபவை. இவற்றில் பெரும்பகுதியைக் கழுவி அகற்றலாம். இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிகொல்லிகள் நீரில் கரைந்து, வேரால் உறிஞ்சப்பட்டு, சாற்றோடு செடி முழுதும் ஓடுபவை. காயின் சதைக்குள் போனதை எந்த நீரும் எடுக்காது. 2017இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் அப்பிளில் செய்த சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. லீற்றருக்கு 10 கிராம் அப்பச்சோடா கரைத்த நீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தபோது, தோலின் மேல் இருந்த இரண்டு மருந்துகளும் வெறும் நீரைவிட நன்றாகப் போயின. தோலுக்குள் ஊடுருவியிருந்த பங்கு அப்படியே நின்றது. தயபெண்டசோல் என்ற மருந்தில் அந்தப் பங்கு ஐந்திலொன்று.

வீட்டில் செய்வதென்றால் ஒரு லீற்றர் நீருக்குத் தட்டையாக இரண்டு தேக்கரண்டி அப்பச்சோடா. காயை வெட்டாமல், காம்போடு 15 நிமிடம் ஊறவிட்டு, ஓடும் நீரில் கையால் தேய்த்து இரண்டு தரம் அலசுங்கள். உப்புக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு இந்த அலசல் முக்கியம், அப்பச்சோடாவிலும் சோடியம் உண்டு. வெட்டியபின் ஊறவைத்தால் வெளியே இருந்தது உள்ளே போகும். சவர்க்காரம் வேண்டவே வேண்டாம். கோவாவுக்கு வெளியிலை மூன்றைக் கழற்றி எறிந்துவிடுவது எந்தக் கரைசலையும்விடப் பயன்தரும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: மன்கோசெப் சூடாகும்போது எதிலீன்தயோயூரியா என்ற, தைரொயிட் சுரப்பியைப் பாதிக்கும் பொருளாக மாறும். "கொதிக்கிற கொதியில எல்லாம் போயிடும்" என்று கழுவாமல் சட்டியில் போடுவது அதனால் இரட்டிப்புப் பிழை.

எல்லாவற்றையும் சேதனமாக வாங்க எல்லோருக்கும் பணம் கட்டாது. கட்ட வேண்டியதும் இல்லை. 2006இல் வெளியான சியாற்றில் ஆய்வொன்றில் 23 பிள்ளைகளின் உணவை ஐந்து நாள் சேதன உணவாக மாற்றினார்கள். சில ஒகனோபொசுபரசுப் பீடைநாசினிகளின் எச்சம் அவர்களின் சிறுநீரில் அளக்க முடியாத அளவுக்கு உடனே இறங்கியது. பழைய உணவுக்குத் திரும்பியதும் மீண்டும் ஏறியது. இந்த வகை மருந்து உடலில் நாட்கணக்கில்தான் தங்குகிறது என்பதால், அதிகம் உண்ணும் இரண்டு மூன்று காயை மட்டும் மாற்றினாலும் அந்தளவுக்குப் பலன் உண்டு. அந்த இடத்தை நிரப்ப யாழ்ப்பாணத்து வேலியும் வளவும் போதும். முருங்கையிலை, முசுட்டை, குறிஞ்சா, தூதுவளை, வாழைப்பொத்தி, ஈரப்பலாக்காய், பனங்கிழங்கு என எவருமே மருந்தடிக்க நினைக்காதவை இங்கே நிறைய இருக்கின்றன. பக்கத்துத் தோட்டத்தில் விசிறும் மருந்து காற்றில் வந்து படியும் வேலி மட்டும் விலக்கு.

தோட்டத்துக்கே போய் வாங்குகிறவர்களுக்கு இன்னும் சில விடயங்கள் பிடிபடும். பூச்சிக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். வேப்பங்கொட்டைக் கரைசல் என்றால் அளவைக் கேளுங்கள். 10 லீற்றருக்கு அரைக் கிலோ பருப்பை இடித்து, இரவு முழுக்க ஊறவிட்டு, துணியில் வடித்து, இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் சவர்க்காரம் சேர்த்து அடிப்பது வழக்கமான முறை. அதிலுள்ள அசாடிராக்டின் வெயிலில் சீக்கிரம் சிதைவதால் பின்னேரத்தில்தான் அடிப்பார்கள், சில நாளில் திரும்பவும் அடிப்பார்கள். இதைச் செய்கிறவருக்கு இந்தச் சிரமமெல்லாம் வாய்ப்பாடம். "வேம்பு போடுறனாங்கள்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வராவிட்டால் யோசியுங்கள்.

"மருந்தில்லை, புகையிலைக் கசாயம்தான்" என்ற பதிலும் நம்மூரில் வரும். புகையிலை இங்கேயே விளைவது, ஆனால் அதிலுள்ள நிக்கொட்டின் கடுமையான நரம்பு நஞ்சு. அமெரிக்க சேதன விதிகள் புகையிலைத் தூளைப் பெயர் சொல்லியே தடுத்திருக்கின்றன. இலையிலிருந்து வந்ததென்பதற்காகக் கீரையில் அதை ஏற்றுக்கொள்ள முடியாது.

எருவும் அப்படித்தான். கூட்டெருக் குவியலின் நடுவே 55 பாகை செல்சியசுக்குமேல் சூடேறி, புரட்டிப் புரட்டி இரண்டு கிழமையளவு அந்தச் சூடு நின்றால்தான் ஈ.கோலை, சல்மொனெல்லா போன்ற பற்றீரியாக்கள் சாகும். குவியலுக்குள் இரும்புக் கம்பியொன்றைக் குத்தி, ஐந்து நிமிடம் கழித்து இழுத்துப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாமல் சுட்டால் குவியல் வேலை செய்கிறது. பச்சைச் சாணம் போட்டால், மண்ணில் முட்டும் பயிருக்கு 120 நாளும் மற்றதற்கு 90 நாளும் விட வேண்டும் என்பது அமெரிக்க விதி. மாட்டைப் பட்டியடைத்த நிலத்தில் ஒரு மாதத்தில் கீரை அறுத்தால் அதில் இரசாயனம் இராது, கிருமி இருக்கும்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுபவர்களும், சிறுநீரகம் மாற்றியபின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை எடுப்பவர்களும் இங்கேதான் நின்று கவனிக்க வேண்டும். வல்லாரைச் சம்பல் பச்சையாக அரைப்பது. தண்டு நிலத்தோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு, அந்த மடிப்பில் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும். அதை மூன்று நீரில் அலசினாலும் முழுதும் போகாது. அந்த மருந்து எடுக்கும் காலம் முழுக்க வல்லாரையைச் சுண்டியோ சொதி வைத்தோதான் சாப்பிட வேண்டும், எவ்வளவு நம்பிக்கையான தோட்டமானாலும்.

சான்றிதழைப் பற்றிச் சுருக்கமாக. இலங்கையில் சேதன உற்பத்திக்கு எஸ்.எல்.எஸ். 1324 என்ற தரம் இருக்கிறது. ஏற்றுமதிக்கு ஐரோப்பிய, அமெரிக்கச் சான்றுகள். எதிலும் ஆண்டுக்கு ஒரு தரமாவது ஆய்வாளர் தோட்டத்துக்கு வந்து பதிவேட்டைப் பார்ப்பார். ஐரோப்பிய விதிப்படி ஆண்டுப் பயிருக்கு இரண்டு வருடம், மரப்பயிருக்கு மூன்று வருடம் இரசாயனமின்றிச் செய்த பின்பே அந்தப் பெயரைப் போடலாம். ஜி.ஏ.பி. (நல்ல விவசாய நடைமுறை) சான்று வேறு: அதில் மருந்தடிக்கலாம், அளவும் நாளும் பதிந்திருக்க வேண்டும். அது சேதனமல்ல. ஆனாலும் ஒழுங்காகப் பதிவெழுதும் ஜி.ஏ.பி. தோட்டத்துக் கத்தரிக்காயை, பேச்சளவில் மட்டும் சேதனமான கத்தரிக்காயைவிட நம்பலாம். ஆய்வுகூட அறிக்கை காட்டினால் இரண்டைப் பாருங்கள்: மாதிரி எடுத்த திகதி, தேடிய மருந்துகளின் பட்டியல். நூற்றுக்கணக்கான மருந்தை ஒரே தடவையில் தேடும் சோதனையிலும் கிளைபோசேற்று என்ற களைகொல்லி அகப்படாது, அதற்குத் தனிச் சோதனை வேண்டும்.

சேதனம் என்றாலே நோயாளிக்கு நல்லதென்ற எண்ணம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. வளவில் ஒரு சொட்டு மருந்தும் காணாமல் காய்த்த காமரங்காய், அதாவது நட்சத்திரப்பழம், சிறுநீரகம் பழுதானவரை வலிப்புவரை கொண்டுபோய் உயிரையும் எடுக்கும். அதிலுள்ள ஒட்சலேற்றும் கரம்பொக்சின் என்ற நரம்பு நஞ்சும் அதற்குக் காரணம். பழுதான சிறுநீரகத்தால் சரியாக வெளியேற்ற முடியாத பொற்றாசியமும் அப்படி: முருங்கையிலையிலும் உருளைக்கிழங்கிலும் அது சேதனமென்று குறைந்துவிடாது. 2008இல் அமெரிக்க ஆய்வொன்று, உருளைக்கிழங்கைத் துண்டாக்கி அவித்தபோது பொற்றாசியம் பாதியாகவும், துருவி அவித்தபோது நாலில் ஒன்றாகவும் குறைந்ததைக் கண்டது. வெறும் நீரில் இரவு முழுக்க ஊறவைத்ததால் பெரிதாக ஒன்றும் குறையவில்லை. மெல்லியதாக வெட்டி, நிறைய நீரில் அவித்து, அந்த நீரை ஊற்றிவிட வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வாபரின் குளிசை எடுப்பவர்கள் கீரையை நிறுத்தவும் வேண்டாம், திடீரென இலைக்கஞ்சிக்குத் தாவவும் வேண்டாம். கீரையிலுள்ள, அந்தக் குளிசைக்கு எதிராக வேலை செய்யும் விற்றமின் கே ஒவ்வொரு கிழமையும் ஏறத்தாழ ஒரே அளவில் போக வேண்டும். நீரிழிவுக்காரருக்குச் சேதன மொட்டைக்கறுப்பன் அரிசியும் மாப்பொருள்தான், பனங்கட்டியும் சீனிதான்.

கடைசியாகக் கிணறு. வலிகாமத்துச் செம்மண்ணுக்குக் கீழே வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். தோட்டத்தில் போடும் நைதரசன் நைத்திரேற்றாகி அதன் வழியாக நேரே கிணற்றுக்கு இறங்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். தோட்டம் செறிந்த இடங்களின் கிணறுகள் அதைத் தாண்டியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அளவுக்குமேல் போட்ட மாட்டெருவும், மலகூடக் குழியும்கூட அதே நைத்திரேற்றைத்தான் தருகின்றன. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் உடலில் அது நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசன் காவுவதைக் கெடுக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் நீர்தான் வற்றும், நைத்திரேற்றுச் செறிவு கூடும். மண் வடியோ கரி வடியோ அதைப் பிடிக்காது, நேர்மாறு சவ்வூடுபரவல் வடி பிடிக்கும். பால்மா கரைக்கும் வீட்டில் கிணற்று நீரை மாரியில் ஒரு தரமும் கோடையில் ஒரு தரமும் சோதிக்கக் கொடுங்கள். முடிவு வரும்வரை குழந்தைக்கு வேறு நீர் எடுங்கள்.