மாட்டுக்கு ஆரு தண்ணி வெக்கிற?

ஒவ்வொரு வருஷமும் இரண்டு மூன்று பேர் என்னைத் தேடி வருவார்கள். இறையியல் படிக்கிற பிள்ளைகள், சில வேளை ஏற்கெனவே சபை நடத்துகிற பாஸ்டர்மார், ஒருமுறை கல்முனைப் பக்கமிருந்து ஒரு இளம் மௌலவியும் வந்தார். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: ஆஸ்பத்திரியில் நோயாளிகளைச் சந்திக்கிற பயிற்சி செய்ய வேணும், ஒரு கடிதம் தருவீங்களா? கடிதம் தரலாம், அது பெரிய வேலையில்லை. ஆனால் அவர்கள் பயிற்சி என்று நினைத்து வருவதும் நான் பயிற்சி என்று சொல்வதும் ஒன்றோடொன்று ஒட்டுவதே இல்லை, அதனால் இதை எழுதி வைத்தால் வாசித்துவிட்டு வாங்க என்றாவது சொல்லலாம்.

சாப்லின் என்ற சொல்லே இலங்கையின் கிழக்கில், எங்கள் பக்கம் பலருக்குப் புதிது. ஆஸ்பத்திரியிலேயே நின்று, நோயாளி எந்தச் சமயத்தவராக இருந்தாலும், வருத்தம் வந்ததால் மனமும் நம்பிக்கையும் ஆடிப்போய் இருக்கிற நேரத்தில் அவரோடும் வீட்டாரோடும் கூட இருக்கிறவர். நான் போய்வந்த அரச ஆஸ்பத்திரிகள் எதிலும் அப்படியொரு பதவியை நான் காணவில்லை. பார்வையாளர் நேரத்தில் பைபிளோடு பாஸ்டர் வருவார், கோயில் நூலும் திருநீறுமாக யாராவது வருவார்கள், யாசீன் ஓத மௌலவி வருவார், அம்பாறைப் பக்கமென்றால் பிரித் ஓதி நூல் கட்ட ஹாமதுரு, அதாவது பௌத்த பிக்கு, வருவார். இவர்கள் தங்கள் சனத்தைப் பார்க்க வருகிறவர்கள், அதற்கு உறவே போதும். முன்பின் தெரியாத ஒருவரின் கட்டிலடியில், அவர் கூப்பிடாமலே போய் நிற்பதுதான் வேறு வேலை. அதற்குத்தான் பழக வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் இந்தப் பயிற்சியின் ஒரு யூனிட் 400 மணித்தியாலம். முழுத் தகுதிபெற்ற சாப்லினாக நான்கு யூனிட் முடிக்க வேண்டும். இந்த 400ஐக் கேட்டதும் நம்மவர்கள் "சரி, நாலு மாசம் வாட்டில் சுற்றினால் முடிஞ்சுது" என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அந்த 400இல் குறைந்தது 100 மணி, வாட்டுக்கு வெளியே, சுப்பர்வைசரோடும் சக பயிலுநர்களோடும் உட்கார்ந்து, வாட்டுக்குள் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று பிரித்து மேய்வதற்கு. என்னைக் கேட்டால் பயிற்சி என்பது அந்த 100தான்.

என் கதையையே சொல்கிறேன். (நோயாளியின் விவரங்களை மாற்றியிருக்கிறேன், இந்த வேலையில் அப்படித்தான் எழுத வேண்டும்.) இந்தியாவில் இதைப் படித்து வந்த ஒரு கன்னியாஸ்திரி எங்கள் மூன்று பேருக்குச் சொல்லித் தந்தார். அவரும் சிஸ்டர், வாட்டைப் பார்க்கிறவரும் சிஸ்டர், அதில் நடந்த குழப்பங்களை இன்னொரு நாள் எழுதலாம். நான் போன முதல் கிழமை, படுவான்கரைப் பக்கத்து ஒரு அம்மா, சீனி வருத்தம் முற்றி ஒரு காலை எடுத்திருந்தார்கள். அரை மணித்தியாலம் கதைத்தேன். கடவுள் கைவிட மாட்டார் என்றேன், செயற்கைக் கால் பற்றிச் சொன்னேன், என் சித்தப்பாவுக்கும் இப்படித்தான் என்று ஒரு கதை சொன்னேன், கடைசியில் கேட்காமலே ஜெபமும் பண்ணிவிட்டு நல்ல மனநிறைவோடு வெளியே வந்தேன்.

அன்று இரவே அதை எழுத வேண்டும். இதற்கு வெர்பாட்டிம் என்று பெயர். நோயாளிக்கு முன்னால் குறிப்பெடுக்கக் கூடாது, ரெக்கோர்ட் பண்ணவே கூடாது. வந்த பிறகு ஞாபகத்திலிருந்து, அவர் சொன்னது ஒரு வரி, நான் சொன்னது ஒரு வரி, இடையில் அவர் முகத்தைத் திருப்பினது, நான் மணிக்கூட்டைப் பார்த்தது, எல்லாம். பெயரும் கட்டில் நம்பரும் வராது. மறுநாள் குழுவில் அதை வாசிக்க, சிஸ்டர் ஒரு பென்சிலை எடுத்து எண்ணத் தொடங்கினார். மொத்தம் 42 வரி, அதில் 27 என்னுடையவை. அவர் அதோடு நிற்கவில்லை. "பிரதர், இந்த அம்மா மூன்று தரம் ஒரே விஷயத்தைச் சொல்றா, கண்டீங்களா?"

நான் காணவில்லை. எழுதியது நான்தான், என் கையெழுத்துத்தான், ஆனாலும் காணவில்லை. "மறுகா மாட்டுக்கு ஆரு தண்ணி வெக்கிற?" என்று அந்த அம்மா மூன்று இடத்தில் கேட்டிருக்கிறா. மூன்றுக்கும் நான் ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்கிற மாதிரி ஏதோ சொல்லித் தாண்டிப் போயிருக்கிறேன். காலைப் பற்றி அவ ஒரு வரிகூடக் கதைக்கவில்லை, கால் கால் என்று அடித்துக்கொண்டது நான்.

அடுத்த நாள் போய், "அம்மா, மாடு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டக் கதைத்தா. அந்த மாட்டின் தாயை வாங்கித் தந்தது அவவின் மகன், யுத்த காலத்தில் வீட்டைவிட்டுப் போனவன், இன்னும் வரவில்லை. மாடு செத்தால் அவன் கையால் வந்த ஒன்றும் வீட்டில் மிஞ்சாது. இதை டொக்டரிடம் எப்படிச் சொல்வது, மிஸியிடம் (தாதியிடம்) எப்படிச் சொல்வது, அதைத்தான் தண்ணி என்று கேட்டிருக்கிறா. அன்றைக்கு நான் பேசியது ஐந்தாறு வரி இருக்கும். ஜெபம் பண்ணவில்லை, அவவும் கேட்கவில்லை.

இந்த வெர்பாட்டிம் முறை 1930களில் ரசல் டிக்ஸ் என்ற சாப்லின் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 1925இல், ரிச்சர்ட் கபொட் என்ற வைத்தியர், மருத்துவ மாணவன் நோயாளிக்குப் பக்கத்தில் நின்று படிப்பதுபோல இறையியல் மாணவனும் ஒரு வருஷம் படிக்க வேண்டும் என்று எழுதிவிட்டார். நூறு வருஷப் பழைய யோசனை, எங்கள் பக்கம் இன்னும் புதுசாக இருக்கிறது. கிட்டத்தில் என்றால் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில் சாப்லின்மாருக்கு ஒரு பிரிவே இருக்கிறது, அங்கே போய்ப் படித்தவர்களும் உண்டு.

சரி, சுப்பர்வைசர் இல்லாமல் வாட்டுக்குள் விட்டால் என்ன நடக்கும்? நான் பார்த்த ஒன்று. வெளியில் தெரியக்கூடாத காரணத்துக்காக அட்மிட் ஆகியிருந்த ஒரு பெண்பிள்ளை. நல்ல மனமுள்ள ஒரு தம்பி, பயிற்சி என்று வந்தவர், அன்றிரவு சபையின் வாட்சப் ஜெபக் குழுவில் "ஜெபியுங்கள்" என்று ஊரையும் வயதையும் வருத்தத்தையும் போட்டுவிட்டார். பெயர் போடவில்லை என்பதுதான் அவருடைய சமாதானம். எங்கள் ஊர்களில் ஊரும் வயதும் போதாதா? விடிவதற்குள் லண்டனில் இருக்கிற பெரியம்மா தாய்க்குக் கோல் எடுத்துவிட்டா. அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு மனநலப் பிரிவு டொக்டரிடமும் வாய் திறக்கவில்லை. அந்தத் தம்பிக்கு யாரும் முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கவில்லை, அவர் எழுதியதை வாசிக்கவும் ஆள் இல்லை. அவரை அனுப்பியவர்கள்மேல்தான் எனக்கு இன்னும் கோபம்.

இன்னொன்று சமயம். சுனாமிக்குப் பிறகு உதவி என்று வந்து சமயத்தையும் கையில் கொடுத்துவிட்டுப் போனவர்கள் பற்றிய கதைகள் கரையோரம் முழுக்க இருக்கின்றன, ஆகவே கழுத்தில் சிலுவையோடு நீங்கள் வாட்டுக்குள் நுழைகிறபோதே பாதிச் சனம் என்ன நினைக்கும் என்று தெரிந்துகொண்டுதான் நுழைய வேண்டும். துண்டுப்பிரசுரம் கிடையாது. கேட்காமல் ஜெபம் கிடையாது. ஒரு முஸ்லிம் பெரியவர் வேறு சமயத்தவரிடம் மனம்விட்டுக் கதைப்பாரா என்று பயிலுநர்கள் கேட்பார்கள். கதைப்பார். எங்களிடம் ஒருவர் இருந்தார், கொழும்புக்கு மாற்ற வேண்டும் என்றால் மாட்டேன் என்று ஒரே பிடி. ஒப்பரேஷனுக்குப் பயம் என்று எல்லாரும் நினைத்தார்கள். பயிலுநர் பேசாமல் பக்கத்தில் இருந்தபோதுதான் வந்தது: "அங்க மௌத்தாகினா எரிச்சிருவானுகளோ தம்பி?" 2020இல் கோவிட்டில் இறந்தவர்கள் எல்லாரையும் எரிக்க வேண்டும் என்று சட்டம் போட்டு, 2021 பெப்ரவரியில்தான் அடக்க விட்டார்கள், மார்ச்சிலிருந்து நாடு முழுவதிலுமிருந்து ஜனாசாக்கள் (இறந்தவர்களின் உடல்கள்) மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடி மஜ்மா நகருக்கு அடக்க வந்தன. எங்களுக்கு முடிந்துபோன விஷயம், அவருக்கு முடியவில்லை. அவரிடம் அனுமதி கேட்டு டொக்டரிடம் சொன்னோம், டொக்டர் வந்து மகனையும் வைத்துக்கொண்டு கதைத்தார், இரண்டு நாளில் போக ஒத்துக்கொண்டார்.

பயிலுநரின் சொந்தக் காயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதைத்தான் யாரும் எதிர்பார்த்து வருவதில்லை. இந்தப் பயிற்சியைத் தொடங்கிய அன்டன் பொய்சன் என்பவரே 1920இல் மனநோய் முற்றி ஆஸ்பத்திரியில் அடைக்கப்பட்டவர். குணமாகி, 1924இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் மனநல ஆஸ்பத்திரியில் சாப்லினாகி, அடுத்த கோடையில் இறையியல் மாணவர்கள் சிலரை வாட்டுக்குள் கூட்டிப் போனார். நோயாளிகளை அவர் உயிருள்ள மனித ஆவணங்கள் என்பார், புத்தகத்தை வாசிக்கிற கவனத்தோடு அவர்களையும் வாசிக்க வேண்டுமாம். எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் தங்களையே வாசிக்க வேண்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் ஆறு ஏழு வயதாக இருந்த கரையோரப் பிள்ளைகள் இப்போது பாஸ்டர்களாகிவிட்டார்கள். அப்படி ஒருவர் எட்டுக் கிழமையும் ஒரு வாட் விடாமல் போனார், சின்னப் பிள்ளைகளின் வாட்டைத் தவிர. ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு காரணம்: நேரமில்லை, அங்கே சனம் கூட, மிஸி வேண்டாமென்றா. அவருடைய வெர்பாட்டிம்களை அடுக்கிப் பார்த்தபோது குழுவில் இருந்த அக்காதான் கேட்டா, "தம்பி, உங்கட தங்கச்சிக்கு அப்ப எத்தினை வயசு?" என்று. அன்று வேறு பாடம் நடக்கவில்லை.

இப்போது கடிதம் கேட்டு வருகிறவர்களுக்கு. வைத்தியசாலைப் பணிப்பாளரின் அனுமதி எழுத்தில் வேண்டும், அதற்கு நாளாகும், முன்கூட்டியே வாருங்கள். வாட்டுக்குப் போனால் முதலில் வாட் சிஸ்டரிடம் முகம் காட்டுங்கள், யாரைப் பார்க்கக் கூடாது என்று அவவுக்குத் தெரியும். கையைக் கழுவுங்கள். கட்டிலில் உட்காராதீர்கள், டிக்கட்டை (நோயாளியின் வைத்தியக் குறிப்பை) புரட்டாதீர்கள், போனை வெளியே எடுக்காதீர்கள். நோயாளி "வேணாம்" என்றால் சரி என்று கிறுகி வந்துவிடுங்கள், ஒரு நாளில் எத்தனை விஷயத்துக்கு அவரால் வேண்டாம் என்று சொல்ல ஏலும்? ஊசிக்குச் சொல்ல ஏலாது, சோற்றுக்குச் சொல்ல ஏலாது. உங்களுக்காவது சொல்லட்டும்.

வீட்டாரும் கேளுங்கள். பயிற்சிக்கு வந்திருக்கிறேன் என்று யாராவது கட்டிலடிக்கு வந்தால், உங்களுக்குப் பொறுப்பானவர் யார், நாங்கள் சொல்வது யாரிடம் போகும் என்று கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. பதில் சொல்லத் தெரியாதவரை வாட் சிஸ்டரிடம் அனுப்பிவிடுங்கள்.

ஒரு கொப்பியும் கொண்டு வாருங்கள், 80 பக்கம் போதும்.