பெயர் தெரிவதற்கு முன்பே

நெடுநாள் பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறக்கிறோம். உள்ளிருந்து வரும் வாடை எதனுடையது என்று சொல்லத் தெரிவதில்லை. ஆனால் மனம் அதற்குள் கனத்துவிடுகிறது. பெயரை முந்திக்கொண்டு உணர்ச்சி வந்துவிடுகிறது.

மூக்குக் குழியின் உச்சியில், சில சதுர சென்டிமீட்டர் பரப்பில் மோப்ப நரம்பணுக்கள் இருக்கின்றன. மூச்சோடு வரும் மூலக்கூறுகள் அங்குள்ள ஈரப் படலத்தில் கரைந்து, அந்த அணுக்களின் மேல் மணத்தைப் பிடிக்கும் ஏற்பிகளில் ஒட்டுகின்றன. மனிதரிடம் வேலை செய்யும் ஏற்பிகள் ஏறத்தாழ 400 வகை. ஒரே மணம் பல ஏற்பிகளைத் தூண்டும். ஓர் ஏற்பி பல மணங்களுக்கு அசையும். எவையெவை சேர்ந்து விழித்தன என்பதை வைத்தே மூளை மணத்தை இனம் காண்கிறது. இந்த ஏற்பிகளுக்கான மரபணுக்களை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

கண்ணும் காதும் அனுப்பும் செய்திகள் தாலமஸ் என்னும் சந்திப்பைக் கடந்துதான் பெருமூளைப் புறணிக்குப் போகின்றன. மோப்பத்துக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. மூக்கின் செய்தியை முதலில் வாங்கும் மூளைப் பகுதியான மோப்பக் குமிழிலிருந்து, அச்சத்தையும் ஆசையையும் கையாளும் அமிக்டலாவுக்கு நேர்வழி உண்டு. நினைவுகளைப் பதியும் ஹிப்போகேம்பஸும் பக்கத்திலேயே இருக்கிறது.

அப்படியானால் நல்ல மணம், கெட்ட மணம் என்பவை பிறவியிலேயே எழுதப்பட்டவையா? பெரும்பாலும் இல்லை. நம் மொழியிலேயே 'நாற்றம்' ஒரு காலத்தில் பூவுக்கும் உரிய சொல். இன்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள்! சொல் மாறினால் மணமே மாறும் என்பதை உளவியலாளர் ரேச்சல் ஹெர்ஸ் தம் ஆய்வில் காட்டினார். ஒரே அமிலக் கலவையை ஒருமுறை பார்மசான் பாலாடைக்கட்டி என்றும் இன்னொருமுறை வாந்தி என்றும் சொல்லி முகரக் கொடுத்தார். முதல் பெயரைக் கேட்டபோது பிடித்த அதே கலவை, இரண்டாவது பெயரில் குமட்டியது.

எனவே 'இந்த எண்ணெய் கவலையைப் போக்கும்' என்று குப்பிமேல் அச்சிட்டிருப்பதை நான் பாதிதான் நம்புவேன். மீதிப் பாதிக்கு ஆதாரம் இருக்கிறது. லாவண்டரில் உள்ள லினலூல் என்னும் மணப்பொருளை முகர்ந்த எலிகளின் பதற்றம் குறைந்ததை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2018இல் பதிவு செய்தார்கள். மோப்பம் இழந்த எலிகளிடம் அந்த விளைவு இல்லை. நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து அல்ல, மூக்கு வழியாகவே அது வேலை செய்கிறது என்று பொருள்.

மோப்பத்தின் அருமை அதை இழந்தவருக்குத்தான் தெரியும். உணவின் சுவை என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு, வாயின் பின்புறமாக மூக்குக்கு ஏறும் மணம். அது போனால் சாப்பாடு வெறும் உப்பும் இனிப்புமாகச் சுருங்கும். எரிவாயுக் கசிவு தெரியாது. நெருங்கியவர்களின் உடல்மணம்கூட எட்டாது. பலர் மனச்சோர்வில் விழுகிறார்கள். பார்க்கின்சன் நோயில் கை நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே மோப்பம் மங்கத் தொடங்குவதும் உண்டு.

ஆறுதலான செய்தி, மோப்ப நரம்பணுக்கள் வாழ்நாள் முழுவதும் புதிதாக முளைக்கின்றன. ஜெர்மனியின் மோப்ப ஆய்வாளர் தாமஸ் ஹும்மல் 2009இல் வெளியிட்ட பயிற்சி இதை ஒட்டியதே: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என நான்கு மணங்களை நாளுக்கு இருமுறை, 12 வாரம் முகர வேண்டும். எல்லாருக்கும் பலிப்பதில்லை, கணிசமானோருக்குப் பலிக்கிறது. இதைச் செய்பவர்கள் குப்பியின் பெயரைப் படித்து, அந்த மணம் முன்பு எப்படி இருந்தது என்று நினைவைத் துழாவியபடியே முகர்கிறார்கள். அவர்களிடம் பெயர் முன்னால் வந்து நிற்கிறது, மணத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.