சுழி பார்த்து வாங்கிய குதிரை ஏன் சினை பிடிக்கவில்லை?

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வாயைப் பிளந்து பல்லில் வயது பார்ப்பார்கள். நெற்றி, கழுத்து, விலா என்று சுழி தேடுவார்கள். தேவமணி என்ற நற்சுழி இருந்தால் விலை ஏறும். காது நுனிகள் ஒட்டுகின்றனவா, குளம்பு வெடிப்பில்லாமல் இருக்கிறதா என்பதெல்லாம் முடிந்த பிறகு, "குட்டி போட்டிருக்கிறதா?" என்று ஒரு கேள்வி வரும். "இன்னும் பொலிக்கே விடவில்லை, ஐயா" என்று விற்பவர் சொன்னால் அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அப்படி வாங்கப்பட்ட, மார்வாரி இனப் பெட்டைக் குதிரை ஒன்றைப் பார்க்க என்னை அழைத்தபோது அதற்கு ஏழு வயது. மூன்று ஆண்டுகளில் இரண்டு பொலிக்குதிரைகளிடம் விட்டிருந்தார்கள். தாது உப்புக் கலவை, கருப்பை கழுவல், ஹார்மோன் ஊசிகள், ஒரு வேண்டுதல் எல்லாம் முடிந்திருந்தன. "பொலியிடம் விட்டால் அசையாமல் நிற்கிறது, டாக்டர். பிறகு ஏன் தங்குவதில்லை?" என்றார் உரிமையாளர். நியாயமான கேள்விதான்.

கையுறை மாட்டி மலக்குடல் வழியே கையை விட்டேன். பருவத்தில் இருக்கும் நல்ல பெட்டையின் சினைப்பை ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். முட்டை முதிரும் நாட்களில் அதன் மேல் நீர்க்குமிழி ஒன்று சிறு எலுமிச்சை போலத் திரண்டு தட்டுப்படும். இங்கே கருப்பைக் கொம்பின், அதாவது கருப்பையின் பக்கக் கிளையின், நுனிவரை தடவிப் போனேன். கொம்பு ஈரத்துணி போலத் துவண்டு மெலிந்து கிடந்தது. சினைப்பை இருக்க வேண்டிய இடத்தில் புளியங்கொட்டை அளவில், வழவழவென்று, கெட்டியாக ஏதோ ஒன்று. மறுபக்கமும் அதேதான். ஸ்கேன் திரையில் ஒரு குமிழிகூட இல்லை.

ஒருமுறை பார்த்து முடிவு சொல்லக்கூடாது. இரண்டு வயதுக் குட்டியிலும், தீனி இல்லாமல் இளைத்த குதிரையிலும், பந்தயக் காலத்தில் அனபாலிக் ஸ்டீராய்டு ஏற்றப்பட்ட குதிரையிலும் சினைப்பை சுருங்கி உறங்கும். குளிர்நாடுகளில் பகல் குறையும் மாதங்களில் பெட்டைகள் பருவத்துக்கே வருவதில்லை. நம் ஊரில் பகல் நீளம் அவ்வளவு மாறாததால் அந்தச் சாக்கு இங்கே பெரிதாக எடுபடாது. எனவே பத்து நாள் இடைவெளியில் மறுபடி பார்த்தேன், பிறகு ஒரு மாதம் கழித்தும் பார்த்தேன். எதுவும் மாறவில்லை.

குதிரையின் உடல் செல்லில் 64 குரோமோசோம்கள். பெட்டையில் அவற்றுள் இரண்டு எக்ஸ். கரு உருவாகும் கட்டத்தில் ஒரு எக்ஸ் தவறிப்போய் 63 மட்டும் நின்றுவிட்டால், பார்வைக்குப் பெட்டையாகவே பிறக்கும். சில சற்றுக் குள்ளமாக இருக்கும், பல அதுவும் இல்லாமல் அழகாகவே வளரும். ஆனால் சினைமுட்டைகள் பிழைத்திருக்க இரண்டு எக்ஸும் வேண்டும். ஒன்று இல்லாதபோது முட்டைகள் தொடக்கத்திலேயே அழிந்து, சினைப்பை வெறும் நாராகிவிடும். மனிதரில் டர்னர் சிண்ட்ரோம் என்பதும் இதே குறைதான். குதிரையில் இது 1968-இலேயே பதிவாகியிருக்கிறது. பெட்டைக் குதிரைகளில் மலட்டுத்தன்மையோடு சேர்ந்து காணப்படும் குரோமோசோம் குறைகளில் இதுவே முதலிடம்.

அப்படியானால் பொலியிடம் ஏன் நின்றது? பருவத்தில் மட்டுமே நிற்கும் மாட்டைப் பார்த்துப் பழகிய கண் ஏமாறும் இடம் இது. பெட்டைக் குதிரை பொலியை உதைத்து விரட்டுவது புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரக்கும் நாட்களில்தான். சினைப்பையே வேலை செய்யாத குதிரையில் அந்த ஹார்மோன் இல்லை. எனவே அது எந்த நாளிலும் நின்றுகொடுக்கலாம். நின்றதைப் பருவம் என்று எண்ணி மூன்று ஆண்டுகளை விட்டுவிட்டார்கள். பருவத்தை வரவழைக்கப் போட்ட புரோஸ்டாகிளாண்டின் ஊசியும் முட்டை வெளிவந்த இடத்தில் உருவாகும் மஞ்சள் திசுவைக் கரைக்கத்தான் உதவும். அந்தத் திசுவே இல்லாத குதிரைக்கு மிஞ்சியது வியர்வையும் வயிற்றுப் பிசைவும்தான். எனக்கு இதில் கோபம் உண்டு, சக மருத்துவர்கள் மன்னிக்க வேண்டும்.

உறுதி செய்ய ரத்தம் எடுத்தோம். ரத்தம் கட்டாமல் காக்கும் ஹெப்பாரின் உள்ள பச்சை மூடிக் குழாயில்தான் எடுக்க வேண்டும். வழக்கமான ஊதா மூடிக் குழாயில் எடுத்தால் செல்களை வளர்க்க முடியாமல் போகலாம். ஃப்ரீசரில் வைத்து உறைய வைக்கவே கூடாது; செல்கள் உயிரோடு போய்ச் சேர வேண்டும். குரோமோசோம் பரிசோதனையைக் குதிரைக்குச் செய்வார்களா என்று ஆய்வகத்தை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, வாரத் தொடக்கத்தில் அனுப்புங்கள். சனிக்கிழமை கூரியரில் போட்டு நானே ஒரு முறை கெட்டிருக்கிறேன். அங்கே வெள்ளணுக்களை மூன்று நாள் வளர்த்து, பிரியும் தருவாயில் கோல்ச்சிசின் வகை மருந்தால் நிறுத்தி, குரோமோசோம்களை எண்ணுவார்கள். நம் தாராபுரம், மூலனூர் தோட்டங்களில் விளையும் கண்வலிக்கிழங்கின் விதையில் இருப்பது அதே கோல்ச்சிசின்தான். முடிவு 63 என்று வந்தது.

சில பெட்டைகளில் 63-ம் 64-ம் கலந்த செல்கள் இருக்கும். அவற்றில் எப்போதாவது ஒன்று சினை பிடிக்கும். இன்னும் சில, வெளியே பெட்டையாகவும் குரோமோசோமில் எக்ஸ், ஒய் என ஆணாகவும் இருக்கும். இந்த வகை சில வம்சங்களில் தொடர்ந்து வருவதால் தாய்வழி, தந்தைவழி இரண்டையும் விசாரிக்க வேண்டும். ஒரு எக்ஸ் தவறிய குறை அப்படியல்ல. அது பெரும்பாலும் தற்செயல். தாயைப் பழிக்கவோ பொலியைப் பழிக்கவோ காரணம் இல்லை. விந்து நிலையங்களுக்கு எடுக்கும் காளைகளுக்குக் குரோமோசோம் பரிசோதனை கேட்கிறோம். லட்சக்கணக்கில் விலை கொடுக்கும் பெட்டைக்குச் சினைப்பையைக்கூடத் தொட்டுப் பார்ப்பதில்லை.

இதற்கு மருந்து கிடையாது என்று சொன்னபோது உரிமையாளர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அடுத்த சந்தையில் கொடுத்துவிட்டால்?" என்றார். "அறிக்கையோடு கொடுங்கள்" என்றேன். அப்படிக் கொடுத்தால் யார் வாங்குவார்கள் என்று அவருக்கும் தெரியும். சந்தை சந்தையாகக் கைமாறும் கன்னிக் குதிரைகளில் இப்படி எத்தனை இருக்கும் என்று நான் நினைப்பதுண்டு. சவாரிக்கு அவளிடம் ஒரு குறையும் இல்லை. அவர் அவளை விற்கவில்லை. இப்போது அவருடைய மகள் ஏறுகிறாள்.

அடுத்த ஆடியில் அவர் இன்னொரு பெட்டைக்கு விலை பேசிவிட்டு, சந்தையிலிருந்தே எனக்கு அழைத்தார். முன்பணம் மட்டும் கொடுத்துக் கொண்டுவந்து கட்டுங்கள், பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை பார்த்த பிறகு மீதியைக் கொடுக்கலாம் என்றேன். குதிரைக்காரர் பக்கத்தில் நின்று சலித்துக்கொண்டது எனக்கே கேட்டது. "சுழியெல்லாம் சுத்தமாக இருக்கும்போது டாக்டர் எதற்கு?" என்றார். ஆனாலும் முன்பணத்தை வாங்கிக்கொண்டார்.